நான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அடிப்படைப் பயிற்சி தேவையா?

கேள்வி: நான் மருத்துவ உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, முறைப்படி பதிவு செய்துகொண்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக்கின் மாடியறையில் நான்கு ஆண்டுகளாக ஆலோசனை வழங்கி வருகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள், அல்லது தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறியவர்கள். பலர் ஓரிரு முறை வந்ததோடு நின்றுவிடுகிறார்கள். என் தந்தை இங்கே ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர் என்பதால் என்னைத் தெரியாதவர்களும் குறைவு. பல பயிலரங்குகளுக்குச் சென்று சான்றிதழ்கள் பெற்றிருக்கிறேன். இப்போது, பணியிலுள்ள உளவியலாளர்களுக்கான அடிப்படைத் தொழில் திறன்கள் என்ற பெயரில் கோலாலம்பூரில் இரண்டு நாள் பயிற்சி அறிவித்திருக்கிறார்கள், கட்டணமும் குறைவில்லை. "மாஸ்டர்ஸ் முடித்தவளுக்கு இன்னும் அரிச்சுவடியா?" என்று உடன் படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். நான் போக வேண்டுமா?
வாசகி, சுங்கை சிப்புட்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், அந்த இரண்டு நாள்களும் எப்படி நடத்தப்படும் என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் நண்பர்களின் கேலியை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடலாம். அடிப்படைத் திறன் என்பது படிப்பின் முதல் ஆண்டிலேயே முடிந்துபோகும் பாடம் என்ற எண்ணத்திலிருந்து அது பிறக்கிறது.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு எமில் ரொடோல்ஃபாவும் அவருடைய குழுவினரும் உளவியலாளர் பயிற்சிக்கென ஒரு கனசதுர மாதிரியை வெளியிட்டார்கள். அதன் ஒரு பக்கத்தில் அடிப்படைத் தகுதிகள் இருக்கின்றன: தன்னைத் தானே சீர்தூக்கிப் பார்த்தல், ஆய்வு சார்ந்த அறிவு, உறவை உருவாக்கிக் காத்தல், அறநெறியும் சட்டமும், பண்பாட்டு வேறுபாடுகளை உணர்ந்து நடத்தல், பிற துறையினரோடு சேர்ந்து பணியாற்றுதல். மதிப்பீடு, சிகிச்சை, மேற்பார்வை போன்ற செயல்முறைத் தகுதிகள் இரண்டாம் பக்கத்தில் வருகின்றன. மூன்றாம் பக்கம் ஒருவருடைய தொழில் வாழ்க்கையின் படிநிலைகளைக் காட்டுகிறது. முனைவர் பட்டப் படிப்பில் தொடங்கும் அந்தப் படிகள், பணியில் இருக்கும் காலம் முழுவதும் தகுதியைக் காத்துக்கொள்வதில் முடிகின்றன. அடிப்படைத் தகுதிகள் ஒவ்வொரு படியிலும் மறுபடி சோதிக்கப்படுகின்றன என்பதுதான் அந்த மாதிரியின் சாரம். உங்களிடம் இருக்கும் சான்றிதழ்களில் பெரும்பாலானவை இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒருமுறை வந்தவர் மறுமுறை வராமல் போவதற்கான காரணத்தை நாம் முதற்பக்கத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

ஆண்டுகள் கூடினால் திறமை தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. 2016இல் சைமன் கோல்ட்பர்க் குழுவினர், 170 சிகிச்சையாளர்களிடம் வந்த 6,591 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அனுபவம் ஏற ஏறச் சிகிச்சையின் பலன் மிகச் சிறிய அளவில் குறைந்தே வந்திருந்தது. பாதியில் விலகுவோரின் விகிதம் மட்டும் அனுபவத்தோடு இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் ஸ்டீவன் வால்ஃபிஷ் குழுவினர் 129 மனநலப் பணியாளர்களிடம் தத்தம் திறனை மதிப்பிடச் சொன்னபோது, தம்மைச் சராசரிக்குக் கீழே வைத்தவர் ஒருவர்கூட இல்லை. நம் தொழிலுக்கு எது உதவும் என்பதைக் காட்டுவது 2004இல் வில்லியம் மில்லர் குழுவினர் நடத்திய ஆய்வு. மாற வேண்டும் என்ற விருப்பத்தை வந்தவரிடமிருந்தே வரவழைக்கும் ஊக்க நேர்காணல் முறையைக் கற்க வந்த 140 பேரில் சிலருக்குப் பயிலரங்கு மட்டும் கிடைத்தது. வேறு சிலருக்குப் பயிலரங்கோடு, அவர்களுடைய ஒலிப்பதிவைக் கேட்டு எழுதப்பட்ட கருத்துரையோ, தொலைபேசி வழி வழிகாட்டலோ, இரண்டுமோ கிடைத்தன. பயிலரங்குக்குப் பிறகும் உதவி பெற்றவர்களே கூடுதல் திறன் பெற்றார்கள். இதில் நம்மைச் சங்கடப்படுத்தும் செய்தி ஒன்றும் உண்டு: 'எனக்கு இந்த முறை நன்றாக வருகிறது' என்று அவர்கள் தாமே சொன்னதற்கும், பதிவில் கேட்ட திறனுக்கும் தொடர்பே இல்லை.

உங்கள் தந்தை இருந்த தோட்டத்தில், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறவரின் கைத்திறனைக் கங்காணி எப்படி அறிந்துகொண்டார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வெட்டுகிறவர் எத்தனை வருடம் வேலை பார்த்தவர் என்பது அங்கே பேச்சில்லை; கங்காணி மரத்தருகே போய், கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டிருக்கிறதா, பட்டை வீணாகியிருக்கிறதா என்று பார்ப்பார். நம் தொழிலில் அந்தப் பார்வை அநேகமாகக் கிடைப்பதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நாமும் எதிரில் இருப்பவரும் பேசுகிறோம். அதில் நம் குரல் எப்படி ஒலித்தது என்பதை நமக்குச் சொல்ல மூன்றாவது ஆள் கிடையாது. ஆகவே, நீங்கள் பேசுவதைப் பார்த்துத் திருத்தும் பயிற்சியாக இருந்தால் மட்டுமே அது பணத்துக்கு ஈடானது என்பது என் கருத்து.

இனி, பொதுப் பாடநூல்கள் அதிகம் சொல்லாத உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூரில் ஆலோசனைக்கு வருபவருக்கு நீங்கள் யாரோ ஒருவர். சுங்கை சிப்புட்டில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "நம்ம கிராணி ஐயா மகளா நீ? சின்னப் புள்ளையில பாத்தது" என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்த அன்பில் ஒரு பயமும் கலந்திருக்கிறது: இங்கே நான் சொல்லுவது கிராணி வீட்டுக்குப் போகுமா? அந்தப் பயத்தை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இரண்டாம் முறை வராமல் இருந்துவிடுவார். இரகசியம் காக்கப்படும் என்று ஆங்கிலத்திலோ மலாயிலோ அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்குவது இந்தப் பயத்தைப் போக்காது. அதை உங்கள் வாயால், அவர் பேசும் தமிழில், பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "அக்கா, நீங்க இங்க சொல்றது எங்க அப்பாவுக்குப் போகாது, உங்க வீட்டுக்காரருக்குப் போகாது, கோயில்லயும் யார் காதுலயும் விழாது. ஆனா ரெண்டு மூணு விஷயத்துல மட்டும் நான் பேசாம இருக்க முடியாது. அது என்னன்னு இப்பவே சொல்லிடுறேன்." இப்படித் தொடங்கி, அவருடைய உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம், நீதிமன்ற உத்தரவு ஆகிய விலக்குகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். இதில் நடுவில் உள்ளது நம் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இன் 19ஆம் பிரிவு, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் தராதவர் எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கிறது.

படிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நான்காவது வாக்கியத்தில் நாம் அறிவிப்புப் பலகை போலப் பேசத் தொடங்கியிருப்போம். இரண்டு நிமிடத்துக்குள், இயல்பான பேச்சில், விலக்குகளை மறைக்காமலும் எதிரில் இருப்பவரை மிரளவைக்காமலும் இதைச் சொல்லி முடிக்க எவருக்கும் பலமுறை ஒத்திகை தேவை. அதே மூச்சில், கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதையும் பேசி வைத்துவிடுங்கள். "நீங்களா வந்து பேசுனா நானும் பேசுவேன், இல்லன்னா தெரிஞ்சவங்களப் பாத்த மாதிரி சிரிச்சிட்டுப் போயிடுவேன்" என்று முன்கூட்டியே சொன்னால் இருவருக்கும் நிம்மதி. ஆலோசனைக்கு வருபவரே வேறு வகையிலும் நமக்குத் தெரிந்தவராக இருக்கும் இரட்டை உறவுகளைச் சிறிய ஊரில் முழுவதும் தவிர்க்க முடியாது. தவிர்க்கவே வேண்டும் என்று பாடநூல் சொல்லும்போது அதை எழுதியவர் பெரிய நகரத்தில் குடியிருப்பவர் என்று நான் நினைத்துக்கொள்வேன். நம்மால் முடிவது, எந்த உறவு எங்கே குறுக்கிடக்கூடும் என்பதை முன்பே பேசி, குறித்து வைத்து, நம் பணியைக் கேட்டு வழிகாட்டும் மேற்பார்வையாளரிடம் சொல்வதுதான். நெருங்கிய உறவினரையும், உங்கள் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவரையும் மட்டும் ஈப்போவில் உள்ள வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது தற்கொலை பற்றிய கேள்வி. நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தொழிலில் இருப்பவர்களிடமும் உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை; கேட்பதால் எண்ணம் தோன்றுவதில்லை, பலருக்கு மனச்சுமை குறையவே செய்கிறது. இருந்தும் நாம் சுற்றி வளைக்கிறோம். "வாழ்க்கையே வெறுத்துப் போச்சா?" என்று கேட்டு, "ஆமாம்மா" என்ற பதிலோடு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுகிறோம். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்கியூ-9 தாளில், சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியில் அவர் எதையோ வட்டமிட்டிருப்பார். நாம் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பத்துக்கு மேலா கீழா என்று பார்த்துக்கொண்டிருப்போம். "சாகலாம்னு நெனச்சிருக்கீங்களா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? அதுக்கு வேண்டியது வீட்டுல இருக்கா?" என்ற மூன்று கேள்விகளையும் குரல் தடுமாறாமல், அவசரப்படாமல், பதிலுக்கு இடம் விட்டுக் கேட்கும் பழக்கம் ஒத்திகையில்தான் வரும். தோட்டப் பகுதியில் கடைசிக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மலேசியாவில் பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், மற்ற களைக்கொல்லிகளும் பூச்சி மருந்துகளும் வீட்டின் பின்புறத்திலோ மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்திலோ இருக்கக்கூடும். பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரௌனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தின் கடைசிப் படி இத்தகைய பொருள்களைக் கைக்கெட்டாமல் அகற்றுவது. அதை யார் எடுத்துப் போய் எங்கே பூட்டி வைப்பார் என்பதுவரை பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வருமோ என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கக்கூடும். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பிற துறையினரோடு பணியாற்றுவதை நாம் பெரும்பாலும் கடிதம் எழுதுவதோடு முடித்துக்கொள்கிறோம். உங்கள் ஊரில் அது போதாது. நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்று வருபவரைப் பதற்றக் கோளாறு என்று வகைப்படுத்துவதற்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். அந்தக் கிளினிக்கின் மருத்துவ அதிகாரியை ஒருமுறை நேரில் சந்தித்து அறிமுகம் செய்துகொண்டால், பிறகு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்புக் கூடும். மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலை வரும்போது, தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டதும் குடும்பம் எழுந்து போய்விடக்கூடும். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேலி பேசிப் பழகிவிட்டார்கள். அந்தப் பயத்தைப் பற்றி நீங்களே முதலில் பேச்செடுத்து, வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கி வருவோரும் உண்டு என்று விளக்குவதும் பயில வேண்டிய உரையாடல்தான்.

எப்படிப் பயில்வது என்று கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் ஈக்விப் என்ற இணையத் தளத்தைத் தொடங்கின. அதில் உள்ள எனாக்ட் என்ற மதிப்பீட்டுக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தலாம். பட்டம் பெறாத சமூகப் பணியாளர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்பதால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். சொல்லில்லாத் தொடர்பு, பரிவு, இரகசியக் காப்பு விளக்கம், தீங்கு பற்றிய மதிப்பீடு என்று 15 திறன்களை அது ஒவ்வொன்றாகப் பிரித்து, நான்கு நிலைகளில் மதிப்பிடுகிறது. முதல் நிலையில் இருப்பது 'தெரியவில்லை' என்பதைவிட மோசமானது: குறுக்கே பேசுதல், குற்றம் சாட்டுதல், தன் கருத்தைத் திணித்தல் போன்ற தீங்கு விளைவிக்கக்கூடிய நடத்தைகள். நல்லது எவ்வளவு செய்தோம் என்று எண்ணுவதற்கு முன், கெடுதல் செய்யாமல் இருந்தோமா என்று பார்க்கச் சொல்லும் இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்களைப் போல் பேராக்கில் பணியாற்றும் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; தமிழ்ப்பள்ளியிலோ இடைநிலைப் பள்ளியிலோ உள்ள ஆலோசக ஆசிரியரும் இருக்கலாம். ஒருவர் ஆலோசகராக, ஒருவர் வந்தவராக, ஒருவர் பார்ப்பவராக அமர்ந்து, பத்து நிமிடத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் பழகுங்கள். நடிப்பவர் தோட்டத்துத் தமிழில், மலாய்ச் சொல் கலந்து, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறெங்கோ போய்ப் பேசட்டும். ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு மாடியறையில் தமிழில் தடுமாறுவதற்கு இதுவே மருந்து. பார்ப்பவர் "நன்றாக இருந்தது" என்று சொல்லக் கூடாது. "அவர் கணவரைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் மூன்று வினாடி விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்" என்பதுபோல் கண்டதைச் சொல்ல வேண்டும். பிறகு உடனே அதே பகுதியை மறுபடி செய்யுங்கள். உண்மையான ஒருவரின் கதையை அப்படியே நடிக்க வேண்டாம். சிறிய ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மெய்யான அமர்வை ஒலிப்பதிவு செய்வதானால், எதற்காக, யார் கேட்பார், எப்போது அழிக்கப்படும் என்று விளக்கி எழுத்தில் சம்மதம் பெறுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி உடல்நலம், மனநலம் பற்றிய தகவல்கள் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவை.

மேற்பார்வை அருகில் இல்லை என்பது இன்று பெரிய தடையாகாது. இணைய வழியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் போதும். தமிழ் தெரிந்தவராக இருந்தால் நல்லது, ஏனெனில் உங்கள் ஒலிப்பதிவை மொழிபெயர்ப்பில்லாமல் கேட்க முடியும். தேர்ந்தெடுக்கும் முன், அவர் சம்பந்தப்பட்ட சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்: மருத்துவ உளவியலாளர்கள் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2016இன் கீழும், ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் வருகிறார்கள்.

வந்தவர்கள் நின்றுவிடுவதற்கெல்லாம் உங்கள் திறனே காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜோஷுவா ஸ்விஃப்டும் ரோஜர் கிரீன்பெர்க்கும் 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் கண்டபடி, சிகிச்சைக்கு வருபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எங்கேயும் பாதியில் விலகிவிடுகிறார். தோட்டத்து ஆளுக்குப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்தால், அவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். அதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது, மாலை நேரமோ ஞாயிற்றுக்கிழமையோ ஒதுக்கினால் போதும். எத்தனை பேர், எத்தனையாவது அமர்வுக்குப் பிறகு நின்றார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். முதல் அமர்வின் முடிவில், "இன்னிக்கி பேசுனதுல எது உங்களுக்கு ஒத்து வரல?" என்று கேளுங்கள். நம் ஆள்கள் மரியாதை கருதி முதலில் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். இரண்டாம் முறையும் பொறுமையாகக் கேட்டால்தான் உண்மை வரும். வராமல் போனவரை ஒருமுறை தொலைபேசியில் அழைப்பதற்கான சம்மதத்தையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோலாலம்பூர் பயிற்சிக்கு வருவோம். ஏற்பாட்டாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், இரண்டு நாள்களில் நான் எத்தனை நிமிடம் ஆலோசகராக அமர்ந்து பேசுவேன், அதை யார் பார்த்து என்ன அளவுகோலில் கருத்துச் சொல்வார், தமிழில் ஒத்திகை பார்க்க இணை கிடைக்குமா, முடிந்த பிறகு சில வாரங்களுக்கு வழிகாட்டல் உண்டா என்று கேளுங்கள். எண்பது பேர் அரங்கில் அமர்ந்து ஸ்லைடு பார்க்கும் நிகழ்ச்சி என்று பதில் வந்தால், சாப்பாடு நன்றாக இருக்கும், பழைய நண்பர்களைப் பார்க்கலாம்; அவ்வளவுதான். அப்படியானால் அந்தக் கட்டணத்தை மேற்பார்வைக்குச் செலவிடுங்கள். பத்துப் பதினைந்து பேர், நேரடி ஒத்திகை, பின்தொடர் வழிகாட்டல் என்று பதில் வந்தால் உடனே பதிந்துகொள்ளுங்கள். போகும்போது, இரகசியக் காப்பைப் பற்றி நீங்கள் தமிழில் பேசும் இரண்டு நிமிடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போய், முதல் நாளிலேயே பயிற்றுநரிடம் கேட்கக் கொடுங்கள்.